கணனி விமானமும் கைநூல் இலக்கங்களும்

எமது இல்லங்களில் இளையோர் சிலர் மாலை வேளைகளில் கணனித் திரையிலே சிறு விமானமொன்றை ஓட்டிக்கொண்டிருப்பதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். அவ்விமானத்தை ஓட்டுவது பற்றியன்றி, அதனைத் திருத்துவது பற்றி இவ்வாரம் சில கூற விரும்புகின்றோம். ஓட்டுவதிலும் பார்க்கத் திருத்துவதிலேயே கற்பதற்கு அதிகம் உண்டு என்பது எமது கருத்து.

1997 ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியான ஃப்ளைற்கியர் என்னும் பறப்புச் சிமியுலேற்றர், தன்னார்வலர்களால் ஆக்கப்பட்டு இலவசமாக வழங்கப்படுவது. அதிலுள்ள விமானங்கள் பூட்டிய பெட்டிகள் அல்ல. இறக்கையின் பரப்பு, எடை, இயந்திர வலு, சில்லுகளின் வில் ஆகிய யாவும் எவரும் திறந்து வாசிக்கத்தக்க கோப்புகளில் இலக்கங்களாக எழுதப்பட்டுள்ளன. அதனுடன் வரும் செஸ்னா 172 பி, 160 குதிரைவலு கொண்ட நான்கு இருக்கை விமானம். 1955 இல் முதன்முதல் பறந்த செஸ்னா 172 வகையே உலகில் மிக அதிக எண்ணிக்கையிற் செய்யப்பட்ட விமானமாகும்.

முதலில் எளியதொரு பழுதைப் பார்ப்போம். புதிதாக ஆக்கிய மாதிரியொன்று ஓடுபாதையில் வயிறு தரையிற் படக் கிடக்கின்றது. ஆக்கியவர் அவசரப்பட்டுத் திரையிலுள்ள உருவத்தைச் சற்று மேலே தூக்கிவைத்து விடுகின்றார். பார்வைக்குச் சரி, பழுதோ அப்படியே உள்ளது. சில்லொன்றின் மேல் 900 இறாத்தல் பாரம் நிற்கின்றதென்போம். வில்லின் வலு அடிக்கு 5400 இறாத்தல் என்றிருந்தால் அது 2 அங்குலம் அமிழும். ஓர் இலக்கம் தவறி 540 என்று எழுதிவிட்டால் 20 அங்குலம் அமிழும். திருத்தவேண்டியது அந்த இலக்கத்தையே. போதாக்குறைக்கு, உருவம் மீற்றரிலும் சில்லின் இடம் அங்குலத்திலும் எழுதப்படுவதால் இத்தகைய தவறுகள் இலகுவில் நேர்கின்றன.

அடுத்தது இதனிலும் வஞ்சகமானது. இழுத்து மடிக்கும் சில்லுகள் கொண்ட வேறொரு விமானத்தின் கோப்பைப் பிரதி செய்து, அதிலிருந்து ஒருவர் தமது செஸ்னாவை ஆக்குகின்றார் என்று கொள்வோம். கைநூலின்படி கடல்மட்டத்தில் அதன் உச்ச வேகம் 123 நொட். இவரது மாதிரியோ 135 நொட்டிற் பறக்கின்றது. உடனே இயந்திர வலுவைக் குறைக்கத் தோன்றும். தேவைப்படும் வலு, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிச் செல்வதால், 160 குதிரைவலுவை ஏறத்தாழ 120 ஆக வெட்டினால் வேகம் 123 க்கு இறங்கிவிடும். இலக்கம் பொருந்திவிட்டதென்று அவரும் மகிழ்வார்.

ஆனால் அந்த விமானம் இனி ஒழுங்காக மேலேறாது. நிமிடத்துக்கு 700 அடி ஏறவேண்டியது தள்ளாடும். அதனிலும் முக்கியமாக, இயந்திரத்தை நிறுத்திப் பார்க்கவேண்டும். உண்மையான 172 பி, இயந்திரம் நின்றபின் 65 நொட்டில் சறுக்கிச் செல்லும்போது, காற்றற்ற வேளையில் ஒவ்வோர் 1000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் தூரமே செல்லும். 3000 அடியிலிருந்து நாலரைக் கடல் மைல். இவரது மாதிரி ஆறு மைல் சென்றால், குற்றம் இயந்திரத்தில் இல்லை, இயந்திரந்தான் நின்றுவிட்டதே! நீட்டிய சில்லுகளும் இறக்கைத் தாங்கு கம்பிகளும் உண்டாக்கும் காற்றுத்தடையைக் கோப்பிற் குறைத்து எழுதியதே குற்றம். அதனைச் சரிசெய்தால் 160 குதிரைவலுவுடனேயே வேகம், ஏற்றம், சறுக்கல் மூன்றும் கைநூலுடன் பொருந்திவரும்.

இது வீண் நுணுக்கமன்று. வீட்டிற் பழகிய இளைஞன் ஒருவன் பின்னர் மெய்யான பறப்புப் பயிற்சிக்குச் செல்லக்கூடும். இயந்திரம் நின்றால் அந்த வயல்வரை சென்றுவிடலாமென்று அவன் கண் பழகியிருக்குமாயின், அந்தப் பழக்கம் அவனுக்கு ஆபத்து.

மாறாக, பழுதல்லாததைப் பழுதென்று திருத்துவோரும் உளர். முழு வலுவுடன் ஓடுபாதையில் ஓடும்போது விமானம் இடப்பக்கம் இழுக்கின்றது என்பது புதியவர்களிடமிருந்து ஓயாது வரும் முறைப்பாடு. விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் புறொப்பெலர் வலஞ்சுழியாகச் சுழல்கின்றது. அது சுருளாகப் பின்னே தள்ளும் காற்று வாற்செட்டையின் இடப்பக்கத்தில் மோதி, மூக்கை இடப்புறம் திருப்புகின்றது. மெய்யான விமானியும் வலது மிதியை அழுத்தியே நேராக ஓட்டுகின்றார். வீட்டில் மிதி இல்லாதோர்க்காகச் சுக்கானைத் தானாக இயக்கும் வசதி சிமியுலேற்றரிலேயே உண்டு. அதனைப் பாவிக்கலாம், விமானக் கோப்பில் அந்த இழுப்பை அழிப்பது எமக்கு உடன்பாடன்று.

ஆகவே திருத்த முனையும் பிள்ளைகள் முதலிற் கைநூலின் இலக்கங்களைக் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். ஒரு தடவையில் ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றி, மீண்டும் பறந்து, கண்டதைக் குறிக்கட்டும். ஐந்து இலக்கங்களை ஒன்றாக மாற்றியவருக்கு எது பலித்ததென்று தெரியாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இதே நிரலுக்கு வேறு பெயர் சூட்டி இணையத்திற் பணத்துக்கு விற்றோரும் உண்டு. பொது உரிமம் விற்பனைக்கு இடமளிக்கின்றது என்பது உண்மையே. ஆயினும் இலவசமாகக் கிடைப்பதற்காக வங்கி அட்டை இலக்கத்தை எவருக்கும் கொடுக்கவேண்டியதில்லை.