எதிரே இருப்பவர் பேசட்டும்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு மாணவர்கள் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு களப்பணிக்குக் கிளம்பியிருப்பார்கள். அரசு மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், போதை மறுவாழ்வு மையம் என்று ஆளுக்கொரு இடம். "இவ நல்லாப் பேசுவா, இந்தப் படிப்பு இவளுக்குச் சரியா வரும்" என்று வீட்டில் சொல்லிச் சேர்த்துவிடுவது வழக்கம். எனக்கென்னவோ, நன்றாகப் பேசுகிறவர்களுக்குத்தான் முதல் சில மாதங்கள் கடினமாக இருக்கும் என்று தோன்றுகிறது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் ஒரு பயிற்சி வேண்டுமே!

சமீபத்தில் ஒரு களப்பணி மேற்பார்வையாளர், பெயரும் ஊரும் மறைக்கப்பட்ட ஒரு பதிவேட்டைக் காட்டினார். காசநோய்ப் பிரிவில் ஒரு மாணவி எழுதியது. நடந்த உரையாடல் முழுவதும் நாடகம்போல் வரி வரியாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு கட்டம் விட்டு, அந்தந்த நேரத்தில் தன் மனதில் ஓடியதையும் எழுதியிருக்கிறார். இதைத்தான் 'ப்ராசஸ் ரெக்கார்டிங்' என்கிறார்கள். ஆறு மாத மருந்தை இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்ட ஒரு கட்டடத் தொழிலாளியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏண்ணா மாத்திரையை நிறுத்துனீங்க?" "மறந்துட்டேம்மா" என்று பதில். அடுத்து ஒரு பக்கம் முழுக்க மாணவியே பேசுகிறார். மருந்தை நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும், வீட்டில் குழந்தைகளுக்கும் தொற்றலாம் என்று எல்லாமே சரியான தகவல்கள். அண்ணன் "சரிம்மா, சரிம்மா" என்கிறார். ஓரத்துக் கட்டத்தில், "புரிந்துகொண்டார், மகிழ்ச்சி" என்று எழுதியிருக்கிறார் மாணவி. மேற்பார்வையாளர் சிவப்பு மையில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: "அவர் எத்தனை வரி பேசினார்?"

அடுத்த வாரப் பதிவில் கேள்வி மாறியிருந்தது. "மாத்திரை சாப்பிடுறதுல உங்களுக்கு என்னண்ணா சிரமம்?" கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. மாணவியும் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. விடிவதற்குள் வேலைக்குக் கிளம்ப வேண்டும், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது, நோய் இன்னதென்று மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலைக்குச் சேர்க்க மாட்டார். 'ஏன்' என்று கேட்டபோது அவர் காதில் குற்றச்சாட்டு விழுந்திருக்கிறது. இரண்டாவது கேள்வியில் அப்படி எதுவும் இல்லை. மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றலாம் என்று மருத்துவரிடம் கேட்க அதன் பிறகுதான் வழி பிறந்தது.

இப்படிக் கேட்கத் தெரிவது பிறவிக் குணத்தால் வருவதல்ல, கற்றுத் தேர வேண்டிய தொழில்திறன் என்று இத்துறை முன்னோடிகள் எப்போதோ கண்டுகொண்டார்கள். அமெரிக்காவின் மேரி ரிச்மண்ட் 1917-இல் எழுதிய 'சோஷியல் டயக்னோசிஸ்' நூலில் முதல் சந்திப்பை எப்படி நடத்துவது என்பதற்கே தனி அத்தியாயம் இருக்கிறது. 1957-இல் ஃபீலிக்ஸ் பீஸ்டெக் என்ற ஏசு சபைப் பாதிரியார், உதவி கேட்டு வருகிறவருக்கும் பணியாளருக்கும் இடையிலான உறவுக்கு ஏழு நெறிகளை வகுத்தார். நம் நாட்டிலும் மும்பையில் 1936-இலும், மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னையில் 1952-இலும் சமூகப்பணிப் பள்ளிகள் வந்துவிட்டன. பீஸ்டெக்கின் ஏழில், உணர்ச்சியை அளவோடு பகிர்வதுதான் மிகச் சிரமமானது என்பேன். அழுகிறவரோடு சேர்ந்து அழுதுவிடவும் கூடாது, கல்லாக உட்கார்ந்திருக்கவும் கூடாது. "அழாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று நாம் அவசரமாகச் சொல்வது பெரும்பாலும் நம் தவிப்பு அடங்குவதற்காகத்தான்.

புத்தகங்கள் சொல்லாத சிலவும் நம் ஊரில் உண்டு. வறியவர்களை 'வா, போ' என்று ஒருமையில் பேசுவது நம் அலுவலகங்களில் இன்னும் சகஜம். வயதில் மூத்த அம்மாவைக் கிளார்க் "என்னம்மா, உனக்கு என்ன வேணும்?" என்கிறார். அங்கே போய் நிற்கும் இளம் சமூகப்பணியாளர் "உட்காருங்கம்மா, சொல்லுங்க" என்றாலே பாதித் தயக்கம் போய்விடும். ஆனால் அக்கா, தம்பி என்று உறவு சொல்லி அழைத்தால் உறவுக்கான எதிர்பார்ப்பும் கூடவே வரும். "நீ என் பொண்ணு மாதிரி, ஒரு ஐந்நூறு கொடேன்" என்று கேட்பார்கள். மனம் நோகாமல் மறுக்கவும், எந்தத் திட்டத்தில் உதவி கிடைக்கும் என்று வழிகாட்டவும் வகுப்பிலேயே ரோல் ப்ளேயாக நடித்துப் பழகிவிட வேண்டும்.

வீட்டுக்குப் போனால் மருமகளிடம் கேட்ட கேள்விக்கு மாமியார் பதில் சொல்வார். திருப்பூரில் வடமாநிலக் குடும்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள், தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்று பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துவிடுகிறார்கள். அப்பா அம்மாவை அடிப்பதைப் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில், அந்தப் பிள்ளையின் வாயாலா அதைக் கேட்பது? மொழி தெரிந்த பெரியவர் ஒருவர் கிடைக்கும்வரை காத்திருக்கலாம், தவறில்லை.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், என்கிட்ட மட்டும் சொல்லு" என்று கேட்கத் தோன்றும். அப்படிச் சொல்லவே கூடாது. 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. காக்க முடியாத வாக்கைக் கொடுத்துவிட்டு மறுநாள் போலீஸோடு போய் நின்றால், அந்தக் குழந்தை இனி எந்தப் பெரியவரை நம்பும்? "உன்னைப் பாதுகாக்கறதுக்கு யார் யாருக்குத் தெரியணுமோ, அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு "அந்த மாமா தொட்டாரா?" என்று பதிலை நாமே ஊட்டாமல், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் கற்றுத்தரும் இடம் அந்தப் பதிவேடுதான். அது இன்று தேய்ந்துவருவதுதான் என் கவலை. நேரமில்லை, மாணவர் எண்ணிக்கை அதிகம் என்கிறார்கள். பல கோப்புகளில் ஒரு மணி நேரச் சந்திப்பு "கவுன்சிலிங் கொடுக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியில் முடிந்துபோகிறது. எந்தக் கேள்விக்கு அவர் தலை குனிந்தார், எப்போது கதவுப் பக்கம் பார்த்தார் என்பதெல்லாம் அந்த வரியில் எங்கே இருக்கிறது? சிவப்பு மை எதைத் திருத்தும்? கல்லூரிகள் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த இதழிலிருந்து இதற்காக இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். மாணவர்களே, மேற்பார்வையாளர்களே, உங்கள் பதிவேட்டிலிருந்து ஒரு உரையாடலை, ஓரத்துக் குறிப்புகளோடு எழுதி அனுப்புங்கள். சரியாக அமையாத உரையாடலானாலும் பரவாயில்லை. சம்பந்தப்பட்டவரின் சம்மதமும் நிறுவனத்தின் அனுமதியும் பெற்ற பிறகே அனுப்புங்கள். பெயர், ஊர், தொழில் என ஆளை அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்