பாலம் சுருக்கியது, தடை குறைத்தது



உயர்தரம் படிக்கும் பிள்ளைகளை அடிக்கடி தடுமாற வைக்கும் ஆங்கிலச் சொல் ‘கர்ட்டெயில்’. அகராதியில் ‘சுருக்கு, குறை’ என்றிருக்கும். அதை மட்டும் நம்பிக் கிண்ணியாப் பாலத்தைப் பற்றி எழுதினால் வசனம் பிழைத்துவிடும்.

396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை கிண்ணியா மக்கள் துறையில் பாதைப் படகுக்காகக் காத்துக் கிடந்தார்கள். பாலம் அவர்களின் பயணத்தைச் சுருக்கியது. எவருடைய கையிலிருந்தும் எதுவும் பறிபோகவில்லை; அதற்கு ‘ஷோர்ட்டன்’ போதும்.

போர்க்காலத்தில் நமது கடற்றொழிலாளர் பட்டது வேறு. எந்நேரம் வள்ளம் இறக்கலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை வலுவுள்ள இயந்திரம் பூட்டலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு. இராத்தொழிலையே நம்பிய குடும்பம் இரவில் கடலுக்குப் போக முடியாமல் எப்படி உலை வைக்கும்? கர்ட்டெயில் என்பதன் முழுப் பொருளும் இங்கேதான் இருக்கிறது. உரியதாக, முழுதாக இருந்த ஒன்றை நடுவில் வெட்டிக் குறைப்பது. உரிமை, அதிகாரம், வேலைநேரம், செலவு, பயணம் போன்றவற்றோடுதான் இந்தச் சொல் சேரும். வெட்டுவது அரசாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். வால் நறுக்கிய குதிரையை முற்கால ஆங்கிலேயர் ‘கர்ட்டல்’ என்றார்கள். அதன் வழிவந்த வினை இது.

பெயரைக் குறுக்குவதற்கு இது பொருந்தாது, அது ‘அப்ரீவியேட்’. திருகோணமலையை நாம் திருமலை என்கிறோம். இங்கே கடற்படைத் தளம் வைத்திருந்த பிரித்தானியர் ‘ட்ரிங்கோ’ என்றார்கள். நாம் நடுவிலிருந்த கோணத்தை விட்டோம், அவர்கள் மலையையே விட்டுவிட்டார்கள்.

இப்படி வெட்டிக் குறைப்பதைச் சொல்லும்போது அரச அறிவித்தல்களில் ‘சேவைகள் மட்டுப்படுத்தப்பட்டுள்ளன’ என்று வருகிறது. மட்டுப்படுத்தியது யார் என்று அந்த வசனத்தில் தேடினாலும் கிடைக்காது. நமது கரையில் ‘குறைச்சுப்போட்டாங்கள்’ என்பார்கள். செய்த ஆட்கள் அந்த வினைக்குள்ளேயே நிற்கிறார்கள். எனக்கு இந்தப் பேச்சுத்தான் நேர்மையாகப் படுகிறது.

அடுத்த இதழிலிருந்து நமது செய்திகளிலும் குறைத்தவர் இன்னாரென்று எழுதும்படி கேட்டிருக்கிறேன். உங்கள் ஊரில் பஸ், மருந்தகம், நூலகம் எதனுடைய நேரமாவது குறைக்கப்பட்டிருந்தால் எழுதி அனுப்புங்கள். யார் குறைத்தார்கள், எப்போதிருந்து என்பதையும் மறக்காமல் சேருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்