தேவாலயச் சித்திரங்களின் உட்பொருள்

பதினேழாம் நூற்றாண்டு டச்சுச் சித்திரக்காரர்கள் தீட்டிவைத்த கிராமாந்தரக் காட்சிகளில் எங்கோ ஒரு மூலையில் தேவாலயக் கோபுரம் தென்பட்டுவிட்டால் போதும், பட்ட மரத்தில் மரணத்தையும் ஓடும் நீரில் காலத்தையும் கோபுரத்தில் மோக்ஷத்தையும் கண்டு வியாக்கியானம் செய்யப் புறப்பட்டுவிடும் ரசிகர்கள் நம் மயிலாப்பூரிலும் உண்டு. அவர்களுடைய உற்சாகத்தை நான் குறை கூறவில்லை. தேடும் இடம்தான் தவறு என்பது என் அபிப்பிராயம்.

யாக்கப் வான் ரூயிஸ்தால் என்னும் மேதை, ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே அவுடர்கெர்க் கிராமத்தில் போர்த்துக்கீசிய யூதர்களின் இடுகாட்டை வரைந்த இரண்டு கோட்டுச் சித்திரங்கள் ஹார்லெம் நகரத்து டெய்லர்ஸ் காட்சிசாலையில் இருக்கின்றன. அவற்றில் கல்லறைகளே பிரதானம். அவற்றை ஆதாரமாகக் கொண்டு பின்னர் வர்ணத்தில் தீட்டியபோதுதான், பிறிதோர் ஊரின் இடிபாடும், பட்ட மரமும், பாய்ந்தோடும் நீரும், கருமேகத்தினூடே வானவில்லும் வந்து சேர்ந்தன. அநித்தியத்தைப் பற்றிய உபதேசமெல்லாம் அவர் வீட்டில் உட்கார்ந்து கூட்டியது. அவரே தீட்டிய ஹார்லெம் காட்சிகளிலோ, படத்தின் பெரும்பகுதியை மேகம் அடைத்துக்கொள்ள, துணி வெளுக்கும் புல்வெளிகளுக்கு அப்பால் புனித பாவோ தேவாலயம் சிறுத்து நிற்கிறது. அந்தச் சிறுமையே போதுமான பொருள்.

இதனால் நேரில் கண்டதை வரைந்த சித்திரங்களெல்லாம் நிர்மலமானவை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. 1658-ல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்துக்கொண்ட டச்சுக் கம்பெனியின் ஆதரவில் சில ஆண்டுகள் அங்கே ஊழியம் புரிந்த பிலிப்பஸ் பால்டேயஸ் பாதிரியார், 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தம் பெரிய நூலில் மலையாளக் கரையையும் சோழமண்டலக் கரையையும் இலங்கையையும் வர்ணித்ததோடு, தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை என்று நமக்குப் பரிச்சயமான ஊர்களின் தேவாலயங்களையும் செப்புத்தகட்டுச் சித்திரங்களாகப் பதித்திருக்கிறார். பட்ட மரமும் வானவில்லும் அங்கே தேவைப்படவில்லை. போர்த்துக்கீசியர் காலத்தில் கத்தோலிக்கக் குருமார் நிறுவிய அந்தக் கோயில்கள், ஆட்சி மாறியதும் குருமார் வெளியேற்றப்பட்டு, அவர்களுடைய வழிபாடும் தடைசெய்யப்பட்டு, சீர்திருத்த சபையின் பிரசங்க ஸ்தலங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் ஆக்கப்பட்டவை. சொந்த நாட்டில் வானத்துக்கு அடியில் ஒதுங்கி நின்ற தேவாலயம், பிறர் நாட்டில் படத்தின் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டதில் வியப்பில்லை. அவை கிரயப் பத்திரத்தோடு இணைக்கும் மனைப்படங்கள், கிரயம் கொடுக்கப்படவில்லை என்பது ஒன்றே வித்தியாசம். இவற்றை அழகிய பழஞ்சித்திரங்கள் என்று மட்டும் குறித்துக் காட்சிக்கு வைப்பதும், நாட்காட்டியில் அச்சிடுவதும் (அச்சிடுகிறார்கள், பார்த்திருக்கிறேன்) சரித்திரத்துக்கு இழைக்கும் அநீதி. எவர் கட்டியது, எவர் பறித்தது, எவர் வரையச் சொன்னது என்ற மூன்றையும் படத்தின் கீழே தமிழில் எழுதிவைத்தால் என்ன?

நம் மயிலாப்பூர் லஸ் தேவாலயத்தையும் போர்த்துக்கீசியரே எழுப்பினர். 1516 என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. ஒரு காலத்தில் மரங்கள் அடர்ந்திருந்ததால் காட்டுக்கோயில் என்றே ஜனங்கள் அதை அழைத்து வந்தார்கள். இன்று அவ்வட்டாரத்தை மெட்ரோ ரயில் வேலையின் தடுப்புகள் அடைத்திருக்கின்றன. எழும்பூர்ப் பக்கத்துக் கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் அங்கே வந்து வரைய வேண்டும் என்பது என் வேண்டுகோள். வரைகையில், சித்திரம் அழகாக அமைய வேண்டும் என்பதற்காக அந்தத் தடுப்புகளையும் கம்பங்களையும் ஆட்டோ வரிசையையும் தயவுசெய்து நீக்கிவிட வேண்டாம்.