அச்சமே அவர்கள் மூலதனம்

கன்னக்கோல் இல்லை, கதவு உடையவில்லை, கத்தி மின்னவில்லை. ஆயினும் கொள்ளை நடக்கிறது, பட்டப்பகலில், கைப்பேசித் திரையிலே! காவலர் சீருடை தெரிகிறது. அதிகாரக் குரல் கேட்கிறது. "உன் பெயருக்கு வந்த பொதியில் போதைப்பொருள் சிக்கியது. உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம். இணைப்பைத் துண்டிக்காதே; எவரிடமும் சொல்லாதே!" ஆயுள் முழுதும் சேர்த்த பொருள், அந்தக் குரல் காட்டும் கணக்குக்குப் போய்ச் சேருகிறது.

அரியானாவின் அம்பாலாவில் முதிய தம்பதியர் இவ்வாறு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பறிகொடுத்தனர். அவர்களை மிரட்டியவை, உச்ச நீதிமன்றத்தின் பெயராலேயே புனையப்பட்ட போலி ஆணைகள்! 2025 அக்டோபரில் அந்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. டிசம்பர் 1 அன்று, இத்தகைய மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

ஏமாந்தோர் எழுத்தறியாதவரா? அல்லர். மருத்துவர் உண்டு, பேராசிரியர் உண்டு, ஓய்வுபெற்ற அதிகாரிகளும் உண்டு. அறிவு குறைந்து வீழ்ந்தவரல்லர். அஞ்சப் பழகியதால் வீழ்ந்தவர். சீருடையைக் கண்டால் குனி, கோப்பைக் கண்டால் கும்பிடு, கேள்வி மட்டும் கேளாதே என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கியது யார்? அச்சத்தை விதைத்தவை அதிகார பீடங்கள். அறுவடை செய்பவன் கள்வன்!

சட்டம் என்ன சொல்கிறது? டிஜிட்டல் கைது என்று ஒன்று சட்டத்தில் இல்லவே இல்லை. கைதானவருக்குக் காரணம் சொல்லவேண்டும். வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அவருக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் அவரை நிறுத்தவேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. எவரிடமும் பேசாதே என்பவன் காவலன் அல்லன், கள்வன்!

ஆனால், விழிப்பாயிரு என்று குடிமகனுக்கு உபதேசித்துவிட்டு ஆட்சியும் வங்கியும் ஒதுங்கிக்கொள்வதா? களவுப் பணம் காற்றில் கரைவதில்லை. பிறர் பெயரில் வாடகைக்கு எடுத்த கணக்குகளின் வழியே பாய்கிறது. ஏழைக்குக் கடன் தர எத்தனையோ சான்று கேட்கும் வங்கி, ஓய்வூதியரின் கணக்கு ஒரே பகலில் வற்றும்போது ஒரு கேள்வி கேட்கக்கூடாதா?

தோழர்களே! படிப்பகந்தோறும் இதைப் பேசுங்கள்; முதியோர் தனித்து வாழும் இல்லங்களுக்குச் சென்று சொல்லுங்கள். மிரட்டும் அழைப்பைத் துண்டிக்கட்டும், வீட்டாரிடம் உடனே உரைக்கட்டும், ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் தராதிருக்கட்டும். பணம் போய்விட்டால், அந்தக் கணமே 1930 எண்ணை அழைக்கட்டும். விரைந்து சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் கள்வனுக்கே கொண்டாட்டம்.

பூட்டும் சாவியும் தேவைதான். எனினும் பூட்டினும் வலியது, "நீ யார்? சான்று எங்கே?" என்று கேட்கும் துணிவு!