தறியையும் வீட்டையும் பிரிக்கும் கோடு

நிலப்படத்தின்மேல் இழுக்கப்படும் கோடு ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வை எங்ஙனம் புரட்டிப்போடும் என்பதைத் திருத்தணி வட்டாரத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு கோட்டுக்கு அப்பால் தள்ளப்பட்ட பகுதி அது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் மூட்டிய வடவெல்லைப் போராட்டத்தின் பயனாய், 1960 ஏப்பிரல் முதல் நாளிலன்றோ அது தமிழ்நாட்டோடு மீண்டும் இணைந்தது! இன்று அவ்வட்டாரத்தை நோக்கி வேறொரு கோடு நகர்ந்து வருகின்றது. அது சென்னைப் பெருநகரின் எல்லைக்கோடு.

1,189 சதுரக் கிலோமீட்டராயிருந்த பெருநகர்ப் பகுதியை 8,878 சதுரக் கிலோமீட்டராக்கும் கருத்துரு 2018-இல் வெளியாயிற்று. திருவள்ளூர் மாவட்டம் முழுவதும் அதனுள் அடங்கியமையால், சென்னைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அப்பாலுள்ள ஆர்.கே.பேட்டையும் அக்கோட்டுக்குள் வந்தது. 2022-இல் அப்பரப்பு 5,904 சதுரக் கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. குறைக்கப்பட்ட கோடு பின்னொரு நாளில் நீளாது என்பதற்கு உறுதி யாது? 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டப் பணியும் தொடங்கப்பெற்றுள்ளது.

எல்லைக்கோடு தன்னளவில் தீங்கன்று. அக்கோட்டுக்குள் வகுக்கப்படும் உட்கோடுகளே எண்ணிப் பார்க்கத் தக்கவை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி வரையப்பெறும் முழுமைத் திட்டம், குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என நிலத்தைக் கூறுகூறாக வகுக்கின்றது. இன்ன நிலத்தில் இன்னதுதான் செய்யலாம் என்பது அதன் அடிப்படை. வீட்டுத் தொழில்களுக்கு அத்தகைய விதிகள் ஓரளவு இடங்கொடுப்பினும், விசைத்திறன் முதலிய அளவைகளால் அவற்றைச் சுருக்கிவிடுவதே வழக்கம்.

ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய நெசவூர்களின் வீடுகளுக்கு இவ்வகுப்பு எங்ஙனம் பொருந்தும்? அங்கு வீடு என்பது உண்டு உறங்கும் இடம் மட்டுமன்று. முன்கட்டில் தறி ஓடும். பின்கட்டில் உலை கொதிக்கும். ஒருவர் நெய்ய, ஒருவர் தார் சுற்ற, முதியவர் அறுந்த இழையை முடிவார். கைத்தறிப் பாவை விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்தத் தெருவே களமாகும். அத்தெருவைக் குடியிருப்புப் பகுதி என வண்ணந்தீட்டினால் தறி குற்றமாகும். தொழிற்பகுதி என வண்ணந்தீட்டினால் வீடு குற்றமாகும். 2023-இல் இருதிங்களுக்கு விசைத்தறிக்கு 1,000 அலகும் கைத்தறிக்கு 300 அலகும் மின்னாற்றலைக் கட்டணமின்றி வழங்க முன்வந்தது அரசு. ஒரு கையால் தறிக்கு ஊட்டிவிட்டு மறு கையால் அதன் இடத்தைப் பறித்தல் முறையாகுமா?

தொழிலையும் குடியிருப்பையும் வேலியிட்டுப் பிரிக்கும் எண்ணம், புகை கக்கும் பேராலைகள் எழுந்த மேலை நாடுகளில் பிறந்தது. அங்கு அதற்குக் காரணமும் இருந்தது. ஆயினும், ஆலையை விலக்க எழுந்த வேலி, ஏழையை விலக்கவும் விரைவிலேயே பயன்பட்டது. 1926-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் யூக்ளிடு என்னும் சிற்றூரின் வகுப்பு முறையை ஏற்றபோது, தனிவீடுகள் உள்ள பகுதியில் அடுக்குவீடும் கூடாது என்னும் விதியும் சேர்ந்தே நிலைபெற்றது. மாறாக, சப்பானியர் தம் மிக இறுக்கமான குடியிருப்புப் பகுதியிலும் வீட்டோடிணைந்த சிறு கடைக்கு இடம் விட்டுள்ளனர். மேலை வழியைக் கண்மூடிப் பின்பற்றுவதைவிட, நம் நெசவூர்களையொத்த வாழ்முறையை அறிந்து விதி வகுத்தோரைப் பார்ப்பது நன்று.

வீட்டைத் தொழிலினின்று பிரித்தால் விளைவது யாது என்பதைச் சென்னையே காட்டி நிற்கின்றது. 1970-இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம், தொடக்கத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிவீடுகளைக் கட்டிற்று. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகள் தொடங்கியோ, கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் வாழ்ந்தோர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தொலைவிடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கூரை கிடைத்தது, கூலி போயிற்று. மீனங்காடியில் கூடை சுமந்தவளும், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கியவளும் 20 கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவைப் பேருந்தில் கடந்துதான் பழைய வேலையைப் பிடிக்க வேண்டும். 2021-இல் அவ்வாரியத்தின் பெயர் மாறிற்று. மாற வேண்டியது பெயர் மட்டுமன்று.

விசைத்தறியின் பேரோசை அண்டை வீட்டார்க்குத் துன்பமன்றோ எனச் சிலர் வினவுவர். வினா நேர்மையானதே. சாயக் கழிவுநீரும் கிணற்றைக் கெடுக்கும். ஆனால் ஓசைக்கு அளவு வகுக்கலாம். இரவு நேரத்துக்கு வரம்பு கட்டலாம். சாயநீருக்குப் பொதுத் தூய்மிப்பு நிலையம் அமைக்கலாம். தீங்கை அளந்து தடுப்பது அறிவுடைமை. தொழிலையே தெருவைவிட்டு ஓட்டுவது சோம்பல். தறி கொட்டகைக்குச் சென்றால் அதனோடு செல்வோர் முதலுடையோர் மட்டுமே. தார் சுற்றிய மூதாட்டியும், குழந்தையைத் தொட்டிலிலிட்டு நெய்த தாயும் வேலையிழப்பர்.

ஆகவே செய்ய வேண்டுவன மூன்று. நெசவுத் தெருக்களை, வீடும் தறியும் ஒருங்கிருக்கும் தனி வகுப்பாகத் திட்டத்தில் வெளிப்படையாய்க் குறித்தல் வேண்டும். நகரத்து ஏழையர்க்கு அவர்தம் தொழிலிடத்தருகிலேயே வீடு கட்டித்தரல் வேண்டும். திட்டத்தின் படமும் விதிகளும் தமிழில் அச்சாகி ஊராட்சி மன்றந்தோறும் தொங்குதல் வேண்டும். மறுப்புரைக்க இருதிங்களுக்குக் குறையாத காலத்தைச் சட்டம் தருகின்றது. படிக்க இயலாத மொழியில் எழுதிய திட்டத்துக்கு நெசவாளி எங்ஙனம் மறுப்புரைப்பான்?

எல்லைக்கோட்டை மாற்றிக் காட்டிய மண் அது. உட்கோடுகள் வரையப்படும் முன்பே அம்மண்ணின் மக்கள் ஊரவையைக் கூட்டி, தம் தெருக்களைத் தாமே படமாக்கி, அரசின் முன் வைப்பாராக! கோடு காய்ந்தபின் அழிப்பது அரிது.