பெருங்காய டப்பாவையும் காட்டச் சொல்லுங்க

சீலியாக்னு ரிப்போர்ட் வந்ததும், "பரோட்டா போனா போகட்டும், இட்லி சாம்பார் இருக்கே"ன்னுதான் நானும் நினைச்சேன். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்னு தெரிஞ்சப்புறம், மெஸ் சாம்பாரைப் பார்த்தாலே பயம். கேட்கக் கூச்சப்பட்டு, பல ராத்திரி ரெண்டு வாழைப்பழம் தின்னுட்டுப் படுத்தேன்.

உங்களுக்கும் அப்படியா? பட்டினி கிடந்தா பயம் போகாது, கேட்டாத்தான் குறையும். பெருங்காய டப்பாவைக் காட்டச் சொல்லுங்க. சப்பாத்தி போட்ட கல்லில் தோசை வேண்டாம்னு சொல்லுங்க. அப்பவும் தூக்கம் வரலைன்னா கவுன்சிலரைப் பாருங்க.

நண்பர்களே, "ஒரு வாய்தானே மச்சி"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்த ஒரு வாயே எங்க குடலைப் பாதிக்கும்.

இந்த நோய்க்கு மாத்திரை இல்லை. கோதுமை, பார்லி கலக்காத சாப்பாடுதான் மருந்து. மருந்தைக் கேட்டு வாங்க என்ன வெட்கம்?