கேட் பாஸ் இல்லாமல் போனுக்குள் நுழைந்தவர்கள்

ஓசூர் சிப்காட்டில் சரக்கு இறக்க வரும் லாரிக்காரர், கேட்டில் பாஸ் வாங்கித்தான் உள்ளே போக முடியும். ஸ்டோருக்கு வந்தவர் ஸ்டோர் வரைதான். அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்திலிருந்து தினமும் வருபவர் என்றாலும் இதே கதைதான். ஆனால், ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் கையில் எடுக்கிறோமே ஆண்ட்ராய்டு போன், அதில் பல வருடங்கள் இந்த கேட் பாஸ் முறையே கிடையாது.

பல ஆப்களுக்குள் வெப்வியூ என்ற குட்டி பிரவுசர் இருக்கிறது. ஆஃபர், செய்தி, விளம்பரம் எல்லாம் அதில் இணையப் பக்கமாகத் திறக்கும். அந்தப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட், 'கேமராவைத் திற' என்று ஆப்பிடம் வேலை சொல்ல ஒரு வாசல் வேண்டும். அதற்காக ஆப் எழுதுபவர் ஒரு ஜாவா ஆப்ஜெக்ட்டை அதனிடம் கொடுத்துவைப்பார்.

வில்லங்கம் அங்கேதான். அவர் நினைத்தது ஒரு வேலைக்கு. போய்ச் சேர்ந்ததோ அந்த ஆப்ஜெக்ட்டின் பப்ளிக் மெத்தட்கள் அத்தனையும். அவர் எழுதவே எழுதாத 'கெட்கிளாஸ்' உட்பட! ஜாவாவில் எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் பிறவியிலேயே வரும் மெத்தட் அது. 'நீ எந்த வகை?' என்று கேட்கும், அவ்வளவுதான். பார்க்க சாது. ஆனால், அதைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறினால், போனுக்கே கட்டளை போடும் இடத்துக்குப் போய்விடலாம். கான்டாக்ட், எஸ்.எம்.எஸ் என்று ஆப்புக்கு நீங்கள் கொடுத்த அனுமதியெல்லாம் வந்தவருக்கும் சொந்தம். இலவச வைஃபையில் நடுவே ஒருவர் புகுந்து, விளம்பரத்தில் சில வரிகளைச் செருகினால் போதும்.

வெப்வியூ ஆபத்துகளை 2011-லேயே அமெரிக்காவின் சிராகியூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். 2012 நவம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 4.2-ல்தான் கூகுள் பாஸ் முறையைக் கொண்டுவந்தது. எந்த மெத்தடுக்கு மேலே '@ஜாவாஸ்கிரிப்ட்இன்டர்ஃபேஸ்' என்று குறி போடப்பட்டிருக்கிறதோ, அது மட்டுமே இணையப் பக்கத்தின் கண்ணுக்குத் தெரியும்.

அதிலும் ஒரு ஓட்டை. 4.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கென்று தயாரான ஆப்களுக்குத்தான் இந்தக் காவல். பழைய ஆப் என்றால் புது போனிலும் கதவு திறந்தேதான் கிடந்தது. இன்றும்கூட, குறி போட்ட மெத்தடை அந்தப் பக்கத்துக்குள் உட்கார்ந்திருக்கும் விளம்பரக் கட்டமும் கூப்பிடலாம். கூப்பிட்டது யார் என்று அந்த மெத்தடுக்குத் தெரியாது. எதற்குக் குறி போடுகிறோம் என்பதில் ஆப் எழுதுபவர் கஞ்சத்தனம் காட்டினால்தான் நமக்குப் பாதுகாப்பு.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. ஆண்ட்ராய்டு 14 போன்கள், ஆண்ட்ராய்டு 6-க்கும் முந்தைய பதிப்புகளுக்கென்று செய்த ஆப்களை இன்ஸ்டால் செய்யவே மறுக்கும். 'கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே ஃபைலை உங்கள் போன் அப்படித் தள்ளிவிட்டால், வீட்டிலிருக்கும் பழைய போனை எடுத்து அதில் முயன்று பார்க்காதீர்கள்.